ஜன்னல் நெட்டு

இல்லீங்கய்யா, தரமாட்டேன்னு சொல்லலை. தப்பா எடுத்துக்காதீங்க. ஹாட்ஸ்பாட்தானே கேட்டீங்க? உங்க பையன் மலேசியாவுல ஓட்டல் வேலை, மத்தியானக் கூட்டம் ஓய்ஞ்சதும் அரை மணி நேரம்தான் ஓய்வு, அப்பத்தான் வாட்ஸப்புல கூப்பிடுவாரு. உங்க நெட்டு இன்னைக்குப் பார்த்துத் தீர்ந்துபோச்சு. புரியுதுங்க. பத்து நாளா பேசாத பையன் இன்னைக்குக் கூப்பிடறேன்னு சொல்லியிருந்தா பெத்த மனசு எப்படி அடிச்சுக்கும்? போட்டுத் தர்றேன். பஸ்ஸு கொடுவாய் தாண்டறதுக்குள்ள போட்டுத் தர்றேன்.

ஆனா என்னடா இவன், ஒரு சின்ன உதவி கேட்டா இப்படி முழிக்கிறானேன்னு நீங்க நினைக்கக் கூடாது பாருங்க. அதுக்காக ஒண்ணு சொல்லிடறேன். நான் ஜாக்கிரதையான ஆளுங்க. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பரீட்சைக்குப் போனா ரெண்டு பேனா போதும்னு எல்லாரும் போவாங்க, நான் நாலு எடுத்துட்டுப் போவேன். பஸ் ஸ்டாண்டுல இலவச வைஃபைன்னு ஒண்ணு காட்டுது பாருங்க, அதுல நான் இதுவரைக்கும் கனெக்ட் பண்ணினதே இல்லை. யார் போட்டதுன்னே தெரியாத நெட்டுல போய் பேங்க் கணக்கைத் திறக்கறவங்களைப் பார்த்தா நான் எடத்தை மாத்தி உக்காந்துக்குவேன்.

பேரு திருமூர்த்திங்க. திருப்பூர்ல லைன் வீடு. எங்க குடும்பத்துல நான்தான் முதல் பட்டதாரி, பி.சி.ஏ. அம்மா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே தவறிட்டாங்க. அப்பா சாயப்பட்டறையில நைட் ஷிப்ட். ராத்திரி பூரா நின்னுட்டு வந்து பகல்ல தூங்குவாரு. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கம்ப்யூட்டர்ல ஆர்டர் விவரம் ஏத்தற வேலை. வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போற வேலைன்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. நான் நீலச் சட்டைதான் அதிகம் போடுவேன். அவர் கேக்கமாட்டாரு.

லைன் வீடுன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரே வரிசையா ஆறு வீடு, ஒரு தண்ணிக் குழாய், ஒரு துணிக் கொடி. அங்க ஒரு பழக்கம் உண்டுங்க. எதையும் இது எனக்குன்னு மூடி வச்சுக்கக் கூடாது. ஒரு வீட்டு மிக்சியில ஆறு வீட்டுச் சட்னி அரைபடும். அயர்ன் பாக்ஸ் காலையில முதல் வீட்டுல கிளம்பினா கடைசி வீட்டுல போய்த்தான் ஆறும். ஒருத்தர் இல்லைன்னு சொல்லிட்டா, அன்னைக்கே குழாயடியில பேச்சு ஆரம்பிச்சுரும். "அவுங்க இப்ப பெரிய எடமாயிட்டாங்கல்ல"ன்னு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ராத்திரி வீட்டுல இருந்தும் கொஞ்சம் கம்பெனி வேலை பார்க்கணும். எங்க வீடு தகர ஷீட்டு, உள்ள சிக்னலே வராது. ஜன்னல்ல வச்சா மட்டும் நாலு கோடு வரும். அதனால பழைய போன் ஒண்ணுல தனியா ஒரு சிம் போட்டு, ஜன்னல் கட்டையில நிக்க வச்சு, சார்ஜரை மாட்டி, ஹாட்ஸ்பாட்டை எப்பவும் ஆன்லயே விட்டுட்டேன். ஒரு வாரந்தான். அப்புறம் பார்த்தா ஆறு வீட்டு ஆளுங்களும் எங்க ஜன்னலுக்குக் கீழ உக்காந்திருக்காங்க. அவங்கவங்க போன்ல நெட்டுக்குக் காசு போடறதையே விட்டுட்டாங்க. பாஸ்வேர்டு ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் வரிசையா. அதை நான்தான் வச்சேன், ஒத்துக்கிறேன், அப்ப எனக்கு அவ்வளவு தெரியாது. அதுக்கு 'ஜன்னல் நெட்டு'ன்னு பேரே வச்சுட்டாங்க. எங்கப்பாவுக்கு ஒரே பெருமை. தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து, "எல்லாருக்கும் வருதா? வேகமா வருதா?"ன்னு பந்தியில விசாரிக்கிற மாதிரி விசாரிப்பாரு.

அந்த ஜன்னலுக்குக் கீழ தினமும் உக்கார்ற பொண்ணுதான் மேகலா. பக்கத்து வீட்டு ஈஸ்வரியக்கா பொண்ணு. அந்தக்கா பனியன் கம்பெனியில செக்கிங். துணியில ஓட்டை, கறை இருக்கான்னு பார்க்கற வேலை. புருஷன் இல்லை. மேகலா ப்ளஸ் டூவுல நல்ல மார்க். எங்க லைன்ல எனக்கு அடுத்து அவதான். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு நான்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். முதல் பட்டதாரி சான்றிதழ் எப்படி வாங்கறது, காலேஜ் பேரை எந்த வரிசையில போடறது, எல்லாம். "அண்ணா, இதை அமுக்கினா போயிருமாண்ணா?"ன்னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் அமுக்குவா. எனக்கு அவளை அதனாலேயே பிடிக்கும். ஜாக்கிரதையான பொண்ணு.

இருக்குங்கய்யா, நேரம் இருக்கு. பார்த்துட்டேதான் இருக்கேன். கொடுவாய் இன்னும் வரலை.

அந்த நேரத்துலதான் எங்க கம்பெனியில ஒரு பயிற்சி வச்சாங்க. ஒருத்தர் வந்து திரையில படம் போட்டுக் காட்டினாரு. உங்க நெட்டை யாரோ ஒருத்தன் பயன்படுத்தி ஒரு தப்பு பண்றான்னு வைங்க, மிரட்டல் அனுப்பறான், யார் பணத்தையோ சுருட்டறான், விசாரணை முதல்ல எங்க வரும்? சிம் யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டுக்கு வரும். அவர் அதைச் சிரிச்சுட்டே சொன்னாருங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா அப்ப நான் அரசாங்கப் பரீட்சை ஒண்ணு எழுதி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அடுத்து போலீஸ் விசாரணை இருக்கும். பேர்ல ஒரு சின்னக் கேஸ் இருந்தாலும் அவ்வளவுதான். எங்க வம்சத்துலயே முதல் அரசாங்க வேலை. அதை எவனோ ஒருத்தன் எங்க ஜன்னலுக்குக் கீழ உக்காந்து கெடுத்துட்டுப் போகலாமா? நீங்களே சொல்லுங்க.

அன்னையில இருந்து தினமும் காலையில அந்தப் போனை எடுத்து யார் யார் கனெக்ட் ஆகியிருக்காங்கன்னு பார்ப்பேன். பட்டியல் ஒண்ணு காட்டும். எல்லாம் தெரிஞ்ச போனுங்கதான்.

ஒரு நாள் காலையில பார்க்கறேன், புதுசா ஒரு பேரு. டெவில் சதீஷ்.

எங்க லைன்ல சதீஷ்னு ஒரு ஆளே கிடையாதுங்க. டெவிலும் கிடையாது. வெளியில எட்டிப் பார்த்தேன். எதிர்ல பேக்கரி வாசல்ல பைக்கு மேல உக்காந்து ரெண்டு மூணு பசங்க போன் நோண்டிட்டு இருக்கானுங்க. அவனுங்கள்ல ஒருத்தனாத்தான் இருக்கணும். இந்தப் பேரு வச்சுக்கறவன் என்ன ஆளா இருப்பான்? நல்ல காரியத்துக்கா வந்திருப்பான்?

அப்புறம் நான் செஞ்சது எல்லாம் முறைப்படி செஞ்சதுங்க. நெட்டுக்குப் பேரை மாத்தினேன். பாஸ்வேர்டை மாத்தினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், குறி எல்லாம் கலந்து, எனக்கே பார்த்துத்தான் அடிக்க வரும். அந்த டெவில் சதீஷைத் தனியா பிளாக் பண்ணினேன். அப்புறம் அப்பாவை எழுப்பினேன். அப்பத்தான் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்திருந்தாரு. "அப்பா, நெட்டு இனிமே முன்ன மாதிரி கிடையாது. நம்ம ஆளுங்க யாராவது கேட்டா, ஜன்னல் போன்ல இந்தக் கட்டம் கட்டமா இருக்கற படத்தைக் காட்டுங்க, அவங்க போன்ல அதைப் படம் பிடிச்சா வந்துரும். ஆனா காட்டறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணி யாருன்னு சொல்லணும். நான் சரின்னு சொல்லாம யாருக்கும் காட்டாதீங்க. அழுதாலும் காட்டாதீங்க"ன்னேன். அந்தக் கடைசி வார்த்தை சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அப்பா எந்திரிச்சு உக்காந்து, "சரி சாமி"ன்னாரு.

சாயங்காலம் லைன்ல எல்லாரும் வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போட்டுக் கொடுத்துடலாம்னு இருந்தேன். அந்த எண்ணம் எனக்கு இருந்துச்சுங்க. அதை யாரும் கணக்குல எடுத்துக்கலை.

அன்னைக்குத்தான் மேகலாவுக்குக் கடைசி நாள்.

அவளுக்கு ஒரு அரசு காலேஜ்ல கம்ப்யூட்டர் பிரிவு ஒதுக்கியிருந்தாங்க. அதை ஏத்துக்கறேன்னு ரெண்டு நாளுக்குள்ள உறுதி பண்ணணும், இல்லைன்னா அந்த எடம் அடுத்த ஆளுக்குப் போயிரும். இது எனக்குத் தெரியும். ஆனா அவ முதல் நாளே பண்ணியிருப்பான்னு நினைச்சேன். நானா இருந்தா முதல் நாள் முதல் நிமிஷமே பண்ணியிருப்பேன். அவ பண்ணலை. ஏன்னா காலேஜ் தூரம், ஹாஸ்டல்ல தங்கணும், ஈஸ்வரியக்கா தன் அண்ணனைக் கேக்காம எதுவும் செய்யாது. அந்த மாமா, பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பறதான்னு ஒன்றரை நாள் முறுக்கிட்டு இருந்துட்டு, கடைசி நாள் மத்தியானம் மேலதான் சரின்னாராம். ஈஸ்வரியக்கா கம்பெனியில இருந்தே போன் போட்டு, "சரின்னு போட்டுரு கண்ணு, உங்க மாமன் ஒத்துக்கிட்டான்"னு அழுதுச்சாம்.

இவ ஓடி வந்து ஜன்னலுக்குக் கீழ உக்காந்தா. ஜன்னல் நெட்டே இல்லை.

இதெல்லாம் அப்பா சொன்னதுதான். நான் அங்க இல்லை. கதவைத் தட்டியிருக்கா. "பெரியப்பா, ஜன்னல் நெட்டைக் காணோம்." அப்பா தூக்கத்துல இருந்து எந்திரிச்சு, "பேரு மாத்திட்டான் கண்ணு. இரு, கேட்டுச் சொல்றேன்"னு எனக்கு அடிச்சிருக்காரு. எங்க கம்பெனியில போனைக் கேட்லயே லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போகணுங்க. காலையில அப்பாகிட்ட சொன்னப்ப அது எனக்கு ஞாபகத்துக்கு வரலை. டிசைன் வெளிய போயிரக் கூடாதுன்னு ஒரு பாதுகாப்பு. அது நல்ல ஏற்பாடுதான், நான் தப்பு சொல்லமாட்டேன்.

"எடுக்கலை கண்ணு."

"பெரியப்பா, அஞ்சு மணியோட முடிஞ்சுரும். அந்தப் படத்தை மட்டும் காட்டுங்க பெரியப்பா."

"பையன் சொல்லியிருக்கான் கண்ணு. அவன் படிச்சவன், காரணமில்லாம சொல்லமாட்டான். இரு, எடுத்துருவான்."

"நான் மேகலா, பெரியப்பா. நான் என்ன வேத்து ஆளா?"

"உன்னைத் தெரியாதா சாமி எனக்கு? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா... இரு, இன்னொரு தடவை அடிக்கிறேன்."

அடிச்சுட்டே இருந்திருக்காரு. அவ அழுதிருக்கா. எங்கப்பா அந்த ஜன்னல் போனை ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுட்டு நின்னாராம். பாருங்க, படிக்காத மனுஷன், ஆனா நான் சொன்ன சொல்லை மீறலை. இந்தக் காலத்துல எந்த அப்பா பையன் பேச்சை அப்படிக் கேப்பாரு? எனக்கு அதுல ஒரு பெருமை உண்டுங்க.

அவ உடனே லைன் ஓனர் வீட்டுக்கு ஓடியிருக்கா. அவங்க வீட்டுல பெரிய வைஃபை இருக்கு. ஓனரம்மா, "பாஸ்வேர்டு எங்களுக்கே ஞாபகம் இல்லைம்மா"ன்னுட்டாங்க. அவங்களை இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேக்கலை, கவனிச்சுக்கங்க. லைன்ல மத்த வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு, எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க. கடைசியில மெயின் ரோட்டுல இருக்கற பிரவுசிங் சென்டருக்கு வெயில்ல ஓடியிருக்கா. அங்க கூட்டம். இவ முறை வந்து, பக்கம் திறந்தப்ப, நேரம் முடிஞ்சதுன்னு காட்டுச்சு.

நான் சாயங்காலம் லாக்கர்ல இருந்து போனை எடுத்தா திரை பூரா அப்பா பேருதான். அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிட்டு வீட்டுக்கு ஓடினேன். குழாயடியில ஈஸ்வரியக்கா குடத்தை வச்சுட்டு நிக்குது. தண்ணி நிறைஞ்சு வழியுது, நிறுத்தலை. என்னைப் பார்த்து ரொம்ப மெதுவா, "வா சாமி. நெட்டு பத்திரமா இருக்குதா? ஒண்ணும் சேதாரமில்லையே?"ன்னு கேட்டுச்சு.

எனக்கு விஷயமே தெரியாது. அக்கறையா கேக்குதுன்னு நினைச்சுட்டேன். "பத்திரமா இருக்குதுங்கக்கா. காலையில எவனோ டெவில் சதீஷ்னு ஒருத்தன் உள்ள புகுந்துட்டான். நல்ல வேளை, பார்த்து பிளாக் பண்ணிட்டேன்"னேன்.

மேகலா வாசப்படியில உக்காந்திருந்தா. முகமெல்லாம் வீங்கியிருந்துச்சு. கையில இருந்த போனைத் தூக்கிக் காட்டினா.

"நான்தாண்ணா டெவில் சதீஷ்"னா.

அவங்க பழைய போன் முந்தின நாள் தண்ணி பக்கெட்டுல விழுந்துருச்சாம். கவுன்சலிங் நேரத்துல போன் இல்லாம இருக்க முடியாதுன்னு ஈஸ்வரியக்கா அவசரமா ஒரு செகண்ட் ஹேண்டு போன் வாங்கிக் கொடுத்திருக்கு. அதுல முன்ன வச்சிருந்தவன் பேரு அப்படியே இருந்திருக்கு. சிம் மாத்தினா பேரும் மாறிடும்னு நினைச்சிருக்காங்க. செட்டிங்ஸ்ல போய் போன் பேரை மாத்தணும்னு யாருக்கும் தோணலை. அரை நிமிஷ வேலைங்க அது. என்கிட்ட கொடுத்திருந்தா மாத்திக் கொடுத்திருப்பேன்.

இப்ப லைன்ல எல்லாரும் எங்கப்பாவைத்தான் ஒரு மாதிரி பார்க்கறாங்க. படத்தைக் காட்டியிருக்கலாமேன்னு. நான் ஒவ்வொரு வீடா போய் விளக்கிச் சொன்னேன். அப்பா காட்டியிருந்தாலும் கனெக்ட் ஆகியிருக்காது, ஏன்னா அந்தப் போனைத்தான் நான் பிளாக் பண்ணிட்டேனே, அதனால அப்பா மேல எந்தத் தப்பும் இல்லைன்னு. தெளிவாத்தான் சொன்னேன். அயர்ன் பாக்ஸ் அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வர்றதில்லை. எங்க வீட்டைத் தாண்டிப் போயிருது.

மேகலா அடுத்த சுத்துலயும் போட்டுப் பார்த்தா. அரசு காலேஜ் எதுவும் மிச்சமில்லை. இப்ப அம்மாவோட செக்கிங் போறா. காலையில டிபன் பையைத் தூக்கிட்டு எங்க ஜன்னல் வழியாத்தான் போவா. "அடுத்த வருஷம் திரும்பப் போடு, நான் எல்லாம் பண்ணித் தர்றேன்"னு சொன்னேன். "சரிங்கண்ணா"ன்னா. அந்த மாமா மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கறதா கேள்வி.

என் அரசாங்க வேலையா? கடைசிப் பட்டியல்ல பேரு வரலைங்க. போலீஸ் விசாரணை வரைக்கும் போகவே இல்லை. என் பேர்ல ஒரு கேஸ் கிடையாது, ஒரு கறை கிடையாது. அதைக் கேக்கறதுக்குத்தான் யாரும் வரலை. இப்பக்கூட தாராபுரத்துல ஒரு தனியார் கம்பெனி இன்டர்வியூவுக்குத்தான் போறேன். கிடைக்கும்னு தோணலை. இருந்தாலும் போறேன்.

அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்தா இப்பெல்லாம் தூங்கறதில்லை. ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருக்காரு. வெளியில செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கறாரு. வயசாயிடுச்சுன்னா தூக்கம் குறையும்னு சொல்றாங்க. அதுதான்னு நினைக்கிறேன்.

போன வாரம் மனசு கேக்காம அந்த நெட்டுக்கு இருந்த பாஸ்வேர்டையே எடுத்து விட்டுட்டேன். என் கொள்கைக்கு விரோதந்தான். பேரையும் திரும்ப 'ஜன்னல் நெட்டு'ன்னே மாத்திட்டேன். யார் வேணும்னாலும் வரலாம், எதுவும் அடிக்க வேண்டியதில்லை. தினமும் காலையில பட்டியலை எடுத்துப் பார்க்கறேன். இணைந்த சாதனங்கள் எதுவும் இல்லைன்னு காட்டுது. அந்த பேக்கரிப் பசங்ககூட வர்றதில்லை.

ஐயையோ, குண்டடம் வந்துருச்சே. கொடுவாய் எப்பப் போச்சு? நீங்களாவது சொல்லியிருக்கலாமேங்க. இதோ, இதோ போட்டுடறேன். ஹாட்ஸ்பாட் ஆன். கொடுங்க போனை, நானே அடிக்கிறேன், பாஸ்வேர்டு கொஞ்சம் நீளம். இருங்க, இதென்ன உங்க போன் பேரு இங்க ஏதோ நம்பரா வருது? சரி, பரவாயில்லை, கம்பெனி வச்ச பேரு. ஆச்சு. கனெக்ட் ஆயிடுச்சு பாருங்க.

சத்தம் கேக்குதுங்களா? வாட்ஸப்தான். வரிசையா வருது. தவறிய அழைப்பு, தவறிய அழைப்பு... உங்க பையன்தாங்க. நாம பேசிட்டு இருந்தப்ப கூப்பிட்டிருக்காரு. நெட்டு இல்லாததால இப்பத்தான் காட்டுது.

பதறாதீங்க. திரும்பக் கூப்பிடுங்க. இந்தப் பச்சையை அமுக்குங்க. மணி அடிக்குதா?

எடுக்கலையா? ஓய்வு நேரம் முடிஞ்சிருக்கும். உள்ள போயிருப்பாரு. அங்கயும் எங்க கம்பெனி மாதிரி போனை வெளிய வாங்கி வச்சுக்குவாங்களோ என்னமோ. இன்னொரு தடவை அடிங்க.

ம். இன்னொரு தடவை.

சரி, அப்ப நான் இதை ஆஃப் பண்ணிடட்டுங்களா? வேலை இல்லாதப்ப திறந்து வச்சிருக்கறது நல்லதில்லைங்க.